பட்டி நாயும் பக்கத்து வரப்பும்

கேள்வி: எங்கள் வீடு மாதவரத்தில். சோழவரத்துக்கு அருகே ஊராட்சி எல்லையில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அங்கே 28 வெள்ளாடுகள் வளர்க்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ராத்திரியில் தெருநாய்கள் ஐந்து ஆடுகளைக் குதறிப் போட்டுவிட்டன. அதன்பின் கோம்பை இன நாய்க்குட்டி ஒன்றை வாங்கி, ஆட்டுக்குட்டிகளோடு பட்டியிலேயே வளர்த்தோம். ராத்திரியில் அவிழ்த்துவிடுவோம். போன மாதம் விடியற்காலையில் பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் போட எங்கள் வரப்பு வழியாக வந்தபோது கெண்டைக்காலில் கடித்துவிட்டது. முன்பு ஒருமுறை பால்காரரைத் துரத்தியிருக்கிறது, கடித்ததில்லை. இவர் 75,000 ரூபாய் கேட்கிறார். தராவிட்டால் கறியில் மருந்து வைத்துவிடுவேன் என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். ஸ்டேஷனில் நாயைக் கட்டிப்போடு என்கிறார்கள். புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிவிட்டால் ஆட்டை யார் காப்பது? எங்கள் நிலத்துக்குள் வந்தவரைத்தானே கடித்தது?

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்த வரப்பில் அவர் எத்தனை வருஷமாக நடக்கிறார் என்று அப்பாவிடம் கேளுங்கள். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, ஒருவர் 20 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தி வந்தால் அது அவருக்கு உரிமையாகவே ஆகிவிடும். அவ்வளவு காலம் ஆகவில்லை என்றாலும், தினமும் போகிறார், நீங்களும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தீர்கள் என்றால், அவர் உங்கள் சம்மதத்தோடு வந்தவர்தான். அத்துமீறி நுழைந்தவர் என்ற வாதம் நிற்காது. நடுராத்திரி ஆடு திருட வந்தவன் கடி வாங்கினால் அது வேறு கதை. அஞ்சு மணிக்கு மோட்டார் போட வருகிறவரையும் ஆட்டுத் திருடனையும் பிரித்துப் பார்க்க நாய்க்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

போலீஸ் போடக்கூடிய பிரிவு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ வாய்ப்பு இருக்கும்போது, போதிய காவல் ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடியதுதான், பதற வேண்டாம். ஆனால் எஃப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால், பிறகு இருவரும் சமாதானம் ஆனாலும் அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை வர வேண்டியிருக்கும். பேசி முடிப்பதாக இருந்தால் இப்போதே முடியுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தந்தது அந்தப் பால்காரர் சங்கதி. வீட்டு விலங்கு ஒன்று ஆளைத் தாக்கும் சுபாவம் உள்ளது என்று தெரிந்தே வைத்திருந்தால், சிவில் வழக்கில் நஷ்டஈட்டுக்கு உரிமையாளர் தப்புவது கடினம். பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் வக்கீலைப் பார்க்காமல் ஸ்டேஷனில் நீங்களாக எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். ‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போர்டு வேண்டியதுதான். ஆனால் அது கடிக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கும் அதே போர்டைக் காட்டி எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். நானே கேட்டிருக்கிறேன்.

சங்கிலி விஷயத்தில் ஸ்டேஷன் சொன்னது பாதி சரி. எந்நேரமும் கட்டியே வைத்து, ஓட்டம் நடையில்லாமல் விடுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். (முதல்முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்! அந்த ஐம்பது ரூபாய் உச்சவரம்பு அறுபது வருஷத்துக்கு மேலாக மாறவேயில்லை.) பட்டியையும் நாயையும் சேர்த்து உள்ளே வைத்து ஐந்தடி உயரத்துக்குக் கம்பிவலை வேலி போடுங்கள். வரப்பு வேலிக்கு வெளியே இருக்கட்டும். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ளதாக, தானாகச் சாத்திக்கொள்வதாக இருக்கட்டும். ஆட்டோடு வளர்ந்த நாய் ஆட்டை விட்டு அவ்வளவாக விலகாது. வேலி அதற்குச் சிறை மாதிரி தோன்றாது. கோபத்தில் வரப்பையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். அவர் மறுநாளே பொன்னேரி கோர்ட்டில் தடையாணை கேட்டு நிற்பார், அந்த வழக்கு பத்து வருஷம் ஓடும்.

மருந்து வைப்பேன் என்றாரே, அதைச் சும்மா விடக்கூடாது. விலங்கைக் கொல்வதோ, விஷம் வைப்பதோ, ஊனமாக்குவதோ அதே சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. அந்தக் குரல் பதிவை அழிக்காதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டும் செய்யாதீர்கள். அது வந்த போனையே பத்திரமாக வையுங்கள். கோர்ட்டுக்குப் போகும் நிலை வந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். புதன்கிழமை எதிர்மனு கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தருவது) வாங்குங்கள்.

பணம்? 75,000 என்பது கேட்டுப் பார்க்கும் விலை. ஆஸ்பத்திரிச் செலவு, தடுப்பூசிக்காக வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, அதற்கு மேல் மனசுக்குத் தோன்றியது — இதைக் கொடுத்து, முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு முடியுங்கள். ‘என் தவறால்’ என்ற சொல் அதில் வர வேண்டாம். அதற்கு முன் அப்பாவை ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க் காலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடிபட்டு ஒரு மாதமாகியும் யாரும் வரவில்லை என்ற ஆத்திரமும் அந்த 75,000-க்குள் இருக்கும்.

மழைக்காலத்தில் நாயை மாதவரம் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள் என்றால், அது சென்னை மாநகராட்சி எல்லை. செல்லப்பிராணி உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டும், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். சோழவரம் பட்டியிலேயே இருக்கும் வரை மாநகராட்சிக்கு அங்கே வேலையில்லை.

வெறிநோய்த் தடுப்பூசி அட்டையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், புதன்கிழமை முதலில் மேஜையில் வைக்க வேண்டியது அதுதான். நகலைக் கொடுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.