சிவப்பு எச்சரிக்கை, கனஅடி, 1913: சென்னை மழைக்காலக் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை வந்தாலே மாநகராட்சி, வானிலை மையம், ஏரித் தண்ணீர் பற்றிய கடிதங்கள் குவிந்துவிடும். அவற்றில் சில இங்கே.

‘ரெட் அலர்ட்’ என்று பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். அன்றைக்கு மாடியில் போட்ட துணியெல்லாம் காய்ந்துவிட்டது. இனி எதை நம்புவது? (வாசகி, அண்ணா நகர்)

வானிலை மையத்தைத் திட்டுவதற்கு முன், அந்த நிறம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. இதை முதலில் கேட்க வேண்டியது அரசு நிர்வாகம்தான். தாழ்வான இடங்களில் மோட்டார் வைப்பது, படகை நிறுத்துவது, நிவாரண முகாமைத் திறப்பது எல்லாம் மழை கொட்டத் தொடங்கிய பிறகு நடக்கிற வேலை இல்லை.

நிறம் மாவட்டம் முழுமைக்கும் ஒன்றுதான். உங்கள் தெருவுக்கென்று தனி நிறம் கிடையாது. தாழ்வு மண்டலம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் போதும், கனத்த மேகமெல்லாம் அதன் பின்னாலேயே போய்விடும். 2024 அக்டோபர் 16 அன்று சென்னையில் அதுதான் நடந்தது. சிவப்பு எச்சரிக்கைக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தினார்கள், மழையோ ஏமாற்றிவிட்டது. அதற்காக அவர்களைக் கேலி செய்ய மாட்டோம். காரை மேட்டில் ஏற்ற ஆகும் செலவு ஒரு நாள் அலைச்சல். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் செலவு வேறு.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 20.4 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கும் மேல் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. வெளியே கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நிறத்தைப் பார்க்காதீர்கள். நுங்கம்பாக்கம் மண்டல வானிலை மையம் வெளியிடும் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைப் பாருங்கள். ரேடாரில் மேகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது அது.

செம்பரம்பாக்கம் ஏரியில் 1,000 கனஅடி திறப்பு என்று டி.வி.யில் ஓடியதும் முடிச்சூரில் இருக்கும் தங்கை குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டது. சரிதானா? (வாசகர், மேற்கு மாம்பலம்)

கிளம்பியது தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவர்கள் பார்த்தது தங்கள் ஊருக்கான செய்தி இல்லை.

செம்பரம்பாக்கம் உபரிநீர் சிறுகளத்தூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழியாக வந்து திருநீர்மலை அருகில்தான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, அடையாற்றின் இன்னொரு கையில் இருக்கின்றன. அங்கே வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வருவது. அந்தத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் செம்பரம்பாக்கம்போல ஒரு பெரிய மதகு இல்லை. திறக்கிறோம் என்று முன்கூட்டி அறிவிக்க ஆளும் இல்லை. முடிச்சூர்க்காரர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘தாம்பரம் பக்கம் எத்தனை சென்டிமீட்டர்?’ 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. ஏரியிலிருந்து 29,000 கனஅடி திறந்ததையே எல்லோரும் பேசுகிறார்கள். இந்த மேல்கையில் வந்த தண்ணீரைப் பற்றிப் பேச்சே இல்லை.

யார் எதைப் பார்ப்பது? கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை ஆற்றோரம் என்றால் செம்பரம்பாக்கத்தையும் தாம்பரத்து மழையையும் சேர்த்துப் பாருங்கள். மணலி, வடபெரும்பாக்கம், சடையங்குப்பம் என்றால் புழல். எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றோரம் என்றால் பூண்டி. வேளச்சேரிக்கு இந்த ஏரிகளில் எதுவும் கணக்கில்லை. அங்கே தேங்குவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை நோக்கி ஓடும் தண்ணீர். அது ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு வடிய வேண்டும். மடுவு நிறைந்திருந்தால் வெயில் அடித்தாலும் தண்ணீர் நிற்கும்.

இனி எண். ஏரித் திறப்பில் ‘ஒரு கனஅடி’ என்பது நொடிக்கு ஒரு கனஅடி, அதாவது நொடிக்கு 28.3 லிட்டர். 1,000 கனஅடி என்றால் 9,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்குச் சற்று மேல், ஒவ்வொரு நொடியும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அடையாறு தாங்காத அளவு இல்லை. நாள் முழுக்க ஓடினாலும் ஏரியில் குறைவது 86.4 மில்லியன் கனஅடிதான். ஏரியின் கொள்ளளவோ 3,645 மில்லியன் கனஅடி. முழு மட்டம் 24 அடி. ‘நிரம்பும் முன்பே ஏன் திறக்கிறார்கள்?’ என்று சிலர் கோபப்படுகிறார்கள். 2020 நிவர் புயலின்போது 22 அடியைத் தொட்டதும் 1,000 கனஅடியில் தொடங்கினார்கள். மேலே உள்ள இரண்டடி, அடுத்து வரப்போகும் தண்ணீருக்காக விடும் இடம். அதையும் நிரப்பிவிட்டால் வருவதையெல்லாம் அப்படியே ஆற்றில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே திறந்தார்கள் என்பதைவிட, எத்தனை மணிக்கு எவ்வளவாகக் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். 1,000 மாலைக்குள் 5,000 ஆனால் ஆற்றோரத்தில் இருப்பவர் இரவுக்காகக் காத்திருக்கக் கூடாது.

மதகு நீர்வளத்துறையின் கையில். கரையோரத்துக்கு எச்சரிக்கை விடுவது மாவட்ட நிர்வாகம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில அளவில் 1070.

மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் கொடுத்தேன். மறுநாள் ‘தீர்க்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. தெருவில் தண்ணீர் அப்படியே நிற்கிறது! (வாசகர், கொளத்தூர்)

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, புகார் தவறான துறைக்குப் போயிருக்கும். நிற்பது மழைநீரா கழிவுநீரா என்று முதலில் பாருங்கள். கலங்கலாக, வாடையில்லாமல் ஓரத்து வடிகாலுக்குள் இறங்காமல் நின்றால் மாநகராட்சி, 1913. கறுப்பாக, நாற்றத்தோடு நடுத்தெரு வட்ட மூடி வழியாகப் பொங்கினால் குடிநீர் வாரியம், 1916 அல்லது 044-4567 4567. மின்கம்பி அறுந்து கிடந்தாலும் தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நின்றாலும் மின்வாரியப் புகார் மையமான மின்னகம், 94987 94987. ‘தெருவில் தண்ணீர்’ என்று மட்டும் சொன்னால் எல்லாம் மழைநீர்க் கணக்கில் விழும். வடிகால் ஆள் வந்து பார்த்து, இது எங்கள் வேலையில்லை என்று முடித்துவிட்டுப் போவார்.

இரண்டு, மோட்டார் வைத்து இறைத்ததையே தீர்வு என்று பதிந்திருப்பார்கள். இறைத்த தண்ணீர் போய்ச் சேரும் கால்வாய் நிறைந்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் அதே வடிகால் வழியாகத் திரும்பி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் மட்டம் உயர்ந்து நிற்கும் நேரத்தில் ஆற்று முகத்துவாரமே தண்ணீரை மெதுவாகத்தான் வாங்கும். புதிய புகாரில் பழைய புகார் எண்ணைச் சொல்லி, ‘இறைத்தார்கள், இத்தனை மணிக்குத் திரும்பியது, இன்ன வீட்டு எதிரே உள்ள துளை வழியாக மேலே வருகிறது’ என்று சொல்லுங்கள். உதவிப் பொறியாளருக்குத் தேவைப்படுவது அந்தக் கடைசி விவரம்தான். அடைப்பு அந்தத் துளைக்குக் கீழே எங்கோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிடும். வார்டு எண், கதவு எண், பக்கத்துக் கோயிலோ கடையோ ஒன்று, தண்ணீர் கணுக்கால் அளவா முழங்கால் அளவா என்பது, இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஓரத்து வடிகால் கம்பியில் ஒட்டியிருக்கும் பாலித்தீன் பையையும் இலையையும் ஒரு கோலால் நீங்களே விலக்கலாம். பாதாளச் சாக்கடை மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். மழைநீர் உள்ளே இறங்கி, தாழ்வான வீட்டுக் கழிப்பறை வழியாக வெளியே வரும். கலங்கல் தண்ணீருக்கடியில் திறந்த குழி யார் கண்ணுக்கும் தெரியாது.

திடீரென்று போன் சைரன்போல அலறி, திரையில் மழை எச்சரிக்கை வந்தது. வைரஸா? அம்மாவின் போனுக்கு மட்டும் ஏன் வரவில்லை? (வாசகி, பெரம்பூர்)

வைரஸ் இல்லை. உங்கள் எண்ணைத் தேடி வரும் எஸ்.எம்.எஸ். வேறு, இது வேறு. குறிப்பிட்ட கோபுரங்களின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புவது. நெரிசலில் அழைப்பு கிடைக்காத நேரத்திலும் வந்துவிடும். பழைய மாடல்களில் இந்த வசதி இருக்காது. புதிய போனாக இருந்தால் அமைப்புகளில் ‘அவசர எச்சரிக்கை’ என்ற இடம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வரும் செய்தியில் எந்த இணைப்பையும் அழுத்தவோ ஓ.டி.பி. சொல்லவோ வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் அது அரசு அனுப்பியது இல்லை.

சுரங்கப்பாதையில் முட்டி அளவு தண்ணீர்தானே, காரில் போகலாமா? (வாசகர், தி.நகர்)

வேண்டாம். ஒரு அடி ஓடும் தண்ணீரே சின்ன காரை நகர்த்தும், இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துப் போகும். சுரங்கப்பாதையில் விளிம்பில் தெரியும் அளவு வேறு, நடுவில் இருக்கும் அளவு வேறு.

சம்ப்பில் வெள்ளத் தண்ணீர் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்? (வாசகி, புளியந்தோப்பு)

உள்ளே சேறு கிடக்கும்போது பவுடர் போட்டுப் பயனில்லை. குளோரின் முழுவதையும் சேறே தின்றுவிடும். தெருத் தண்ணீர் முழுதாக வடியும் வரை பொறுங்கள். சுற்றிலும் நீர் நிற்கும்போது சம்ப்பைக் காலி செய்தால் வெளி அழுத்தத்தில் தரையும் சுவரும் விரிசல் விடும். வடிந்தபின் மெயினை அணைத்து, மோட்டார் ஸ்விட்சும் வயரும் காய்ந்திருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு இறையுங்கள். நீளக் கைப்பிடி பிரஷ்ஷால் மேலிருந்தே தேய்த்து, அந்தத் தண்ணீரையும் வெளியேற்றுங்கள். ஆளை உள்ளே இறக்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டியில் மூச்சுக்குக் காற்று இருக்காது.

புதுத் தண்ணீர் நிரம்பியதும் 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கு. 6,000 லிட்டர் சம்ப்புக்கு 24 கிராம். பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றி, அடியில் தங்கிய சுண்ணாம்பைத் தனியே கொட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து லேசாகக் குளோரின் வாடை இருக்க வேண்டும். வாடையே இல்லையென்றால் பவுடர் பழசாக இருக்கும். திறந்து வைத்த பாக்கெட் மழைக்கால ஈரத்தில் சீக்கிரம் வீரியம் இழக்கும். அதே வாளியில் ஆசிடோ கழிப்பறை கிளீனரோ சேர்க்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். குடிக்கும் தண்ணீரைச் சில நாட்களுக்காவது தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் அடுப்பிலேயே விட்டு இறக்குங்கள். மேல்நிலைத் தொட்டிக்கு வெள்ளத் தண்ணீர் ஏற்றியிருந்தால் அதையும் கழுவி, குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்ற மறந்துவிடாதீர்கள்.