கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள்

தம்பிக்கு,

அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிவில் துறையில் அசிஸ்டெண்ட் புரொஃபசர் வேலை கிடைத்திருக்கிறது, 9 மாதச் சம்பளம் (கோடை மாதங்கள் நீங்கலாக) 92,000 டாலர் என்று கடிதம் வந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கூடுதலாகக் கேட்டால் ஆஃபரையே பிடுங்கிவிடுவார்களோ என்று பயம். ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் இதுவே மலைப்பு. கூடவே வாடகை, கார், குளிர், சைவச் சாப்பாடு, பையனுக்குப் பள்ளிக்கூடம் என்று ஐந்தாறு கேள்விகள்.

சாப்பாடும் குளிரும் தானாகப் பழகும். அவற்றைச் சொல்ல வழியெல்லாம் நம் ஆட்கள் இருக்கிறார்கள், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள். நான் சம்பளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த ரூபாய்ப் பெருக்கலை நிறுத்துங்கள். நானும் பெருக்கினேன். 2003-ல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கடிதத்தைத் திறந்தேன். 61,500 டாலர். அப்போது டாலர் 47 ரூபாய் பக்கம், ஏறக்குறைய 29 லட்சம். தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற அப்பா சொன்னது ஒன்றுதான்: "சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்புடா, அவங்க மனசு மாறிடப் போகுது." அன்று சாயங்காலமே ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தக் கையெழுத்துக்கு 22 வருடமாக வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்த உலகம் ஊதியக் குழுவின் உலகம். வருடம் பிறந்தால் இன்கிரிமெண்ட், நடுவில் அகவிலைப்படி, பத்து வருடத்துக்கு ஒருமுறை புதிய ஊதிய விகிதம். இளையவர் மூத்தவரைவிட அதிகம் வாங்கும்படி கணக்கு முரண்பட்டால், மூத்தவர் மனுப் போட்டுத் தன் சம்பளத்தை அந்த அளவுக்கு உயர்த்திக்கொள்ள விதியே உண்டு, 'ஸ்டெப்பிங் அப்' என்பார்கள். அப்பா அப்படி இரண்டு பேருக்கு மனு எழுதிக் கொடுத்ததை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் ஊரிலேயே கல்லூரி வேலைக்குப் போயிருந்தால் ஏழாவது ஊதியக் குழுப்படி 57,700-ல் தொடங்குவீர்கள், வருடம் 3 சதவீதம், மேலே என்ன வரும் என்பது அட்டவணையிலேயே அச்சாகியிருக்கும். இங்கே அட்டவணை கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் படிக்கட்டு முறை இருக்கிறது. அங்கேயும் சந்தை விலை படிக்கட்டைத் தாண்டிப் போய்விட்டதால், படிக்கு வெளியே 'ஆஃப்-ஸ்கேல்' என்று ஒரு தொகை வைத்துக் கொடுக்கிறார்கள்.

இங்கே நடப்பதற்கு 'சாலரி கம்ப்ரெஷன்' என்று பெயர். வருடக்கணக்காக உழைத்தவர் சம்பளமும் நேற்று வந்தவர் சம்பளமும் நெருங்கி நெருங்கி ஒட்டிக்கொள்வது. புதியவர் தாண்டியே போய்விட்டால் 'இன்வெர்ஷன்'. ஊரில் இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியர்களில் 2009 ஜூன் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அன்று நிர்ணயித்த அடிப்படை ஊதியம் 5,200, அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 8,370. அந்த முரண்பாட்டுக்காக எத்தனை போராட்டம் என்று உங்களுக்கே தெரியும். அங்கே பிந்தி வந்ததற்குத் தண்டனை, இங்கே முந்தி வந்ததற்கு.

எப்படி நடக்கிறது என்றால், புதிதாக ஆள் எடுக்கும்போது டீன் சந்தை விலையைப் பார்க்கிறார். மற்ற பல்கலைக்கழகங்களும் தனியார் கம்பெனிகளும் என்ன கொடுக்கின்றன என்று பார்த்து, அதைக் கொடுத்தால்தான் ஆள் வரும் என்று கொடுத்துவிடுகிறார். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு வரும் உயர்வு மாநிலச் சட்டமன்றமும் நிர்வாகக் குழுவும் ஒதுக்குவதைப் பொறுத்தது. இரண்டும் வெவ்வேறு குழாய். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 60,000-ல் சேர்ந்தவருக்கு வருடம் 2 சதவீதம் ஏறினால் 20 வருடத்தில் 89,000 சொச்சம். சேர்க்கும் விலை வருடம் 3 சதவீதம் ஏறினால் அதே 20-ஆம் வருடம் சேர்பவருக்கு 1,08,000 சொச்சம். ஒரே ஒரு சதவீதம் செய்கிற வேலை இது. நடுவில் அசோசியேட் புரொஃபசர், ஃபுல் புரொஃபசர் என்று இரண்டு பதவி உயர்வு கிடைக்கும், அது பாதிப் பள்ளத்தை மூடும். ஆனால் 2 சதவீதம் எல்லா வருடமும் வருவதில்லை. எனக்கு டென்யூர் (நிரந்தரப் பணி) கிடைத்தது 2009-ல். ஊரே கொண்டாட வேண்டிய வருடம். மாநிலத்தில் பணம் இல்லை என்று சொல்லி மூன்று வருடம் உயர்வு பூஜ்யம், சம்பளமில்லாக் கட்டாய விடுப்பு வேறு. 2022 ஜூனில் இந்த நாட்டில் பணவீக்கம் 9.1 சதவீதம். அந்த வருடம் எங்களுக்குக் கொடுத்தது 2. (துணை டீன், இணை டீன், டீனுக்கு உதவியாளர் என்று பதவிகள் உருவாக மட்டும் எப்போதும் பணம் இருக்கும். கால்பந்துப் பயிற்சியாளர் சம்பளத்தை நான் சொல்லப்போவதில்லை, நீங்களே தேடிப் பார்த்து வயிறெரிந்துகொள்ளுங்கள்.)

உள்ளே இருப்பவர் சந்தை விலையை எட்டப் பெரும்பாலும் ஒரே வழி, வேறு இடத்தில் ஆஃபர் வாங்கி வந்து மேசையில் போடுவது. மைக்கேல் ரான்சம் என்ற பொருளியலாளர் 1993-லேயே இதை எழுதிவிட்டார்: ஒரே பல்கலைக்கழகத்தில் அதிக காலம் இருந்த பேராசிரியருக்கு, அதே அனுபவம் உள்ள மற்றவரைவிடச் சம்பளம் குறைவாகவே இருக்கிறது. வீடு வாங்கியவன், பிள்ளை பள்ளியில் படிப்பவன் நகரமாட்டான் என்று நிர்வாகத்துக்குத் தெரியும்.

நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு பூட்டு உண்டு. விசா. பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவில் குலுக்கல் கிடையாது, அதனால் குலுக்கலில் தவறிப்போகும் பயம் இல்லை. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு எத்தனை வருடக் காத்திருப்பு என்று தெரியும்தானே. ஐ-140-க்கு, அதாவது உங்கள் கிரீன் கார்டுக்காகப் பல்கலைக்கழகம் போடும் மனுவுக்கு, அனுமதி வரும்வரை வேறு இடத்துக்குத் தாவுவது பற்றி மூச்சு விடவே பயமாக இருக்கும். டென்யூருக்கு முந்தைய ஆறு வருடம், சந்தையில் உங்களுக்கு மதிப்பு அதிகமாக இருக்கும் அதே ஆறு வருடம், கால் கட்டப்பட்டிருக்கும். அதனால் கிரீன் கார்டுக்கு எப்போது விண்ணப்பிப்பீர்கள் என்பதை இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஆசிரியப் பணிக்கான தனிச் சலுகையில் விண்ணப்பிக்க, உங்களைத் தேர்ந்தெடுத்த நாளில் இருந்து 18 மாதம்தான் கெடு. எங்கள் துறையில் ஒருவருக்கு மனிதவளத் துறை அதைத் தூங்கவிட்டது. மறுபடியும் விளம்பரம் கொடுத்து முதலில் இருந்து தொடங்கினார்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஆறு தேர்வுக் குழுக்களில் இருந்திருக்கிறேன். மரியாதையாகக் கூடுதல் கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெற்றது ஒருமுறைகூட இல்லை. சீனாவில் இருந்து வந்தவர் கேட்டார், ஈரானில் இருந்து வந்தவர் கேட்டார், இந்த ஊர்ப் பையன் தன் காதலிக்கும் சேர்த்து ஒரு வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கினான். கேட்காத இரண்டு பேரும் தமிழர்கள். ஒருவர் சொன்ன காரணம், "எப்படி சார் காசைப் பற்றிப் பேசுறது, நல்லாவா இருக்கும்?" இவரே கத்தரிக்காய்க்குத் தள்ளுவண்டிக்காரரிடம் அரைமணி நேரம் பேரம் பேசி வளர்ந்தவர். இன்னொரு கூட்டம் இருக்கிறது, சனிக்கிழமை பாட்லக்கில் (ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் விருந்தில்) ஐ.டி. ஆட்களின் பங்குக் கணக்கைக் கேட்டுவிட்டு வந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர் மாறி, மனைவியின் வேலையையும் பிள்ளையின் படிப்பையும் குலைத்துச் சம்பளத்தை ஏற்றிக்கொள்பவர்கள். என்னால் அது முடியாது. நான் இந்த மண்ணோடு ஒட்டிவிட்டேன். பனிவாரும் இயந்திரத்தின் கார்புரேட்டரை நானே கழற்றி மாட்டுவேன், பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடையதையும் என்னிடம்தான் கொண்டுவருவார்.

செய்ய வேண்டியது இதுதான். மாநிலப் பல்கலைக்கழகச் சம்பளம் பொது ஆவணம், யாரும் பார்க்கலாம். உங்கள் துறையில் கடைசியாகச் சேர்ந்த மூன்று பேர் என்ன வாங்குகிறார்கள் என்று பாருங்கள், அதுதான் உங்கள் விலை. அப்படியே பத்து வருடமாக இருக்கும் அசோசியேட் என்ன வாங்குகிறார் என்றும் பாருங்கள், அதுதான் உங்கள் எதிர்காலம். அப்புறம் துறைத்தலைவருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல், அதில் ஒரே ஒரு எண். இந்த வருடம் 5,000 கூடுதலாகக் கிடைத்தால், வருடம் 2 சதவீத உயர்வில் 30 வருடத்தில் அது இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும். ஓய்வூதியப் பங்களிப்பும் பதவி உயர்வுத் தொகையும் பெரும்பாலும் இதே எண்ணின் சதவீதம்தான். கோடை மாதத்தில் ஆராய்ச்சி நிதியில் இருந்து எடுக்கும் சம்பளமும் இதை 9-ஆல் வகுத்து வருவதுதான். ஆய்வகக் கருவிக்குக் கூடுதல் தருகிறேன், சம்பளத்தில் கை வைக்க முடியாது என்பார்கள். கருவியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது ஒருமுறை வருவது என்பதை மறக்காதீர்கள். இடம்பெயர்வுச் செலவுக்கும் ஒரு தொகை தருவார்கள். 2018 முதல் அதற்கு வரி உண்டு, முழுதாகக் கைக்கு வராது.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது 2006 குளிர்காலத்தில். அப்போது சம்பளப் பட்டியல் புத்தகமாக நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும், கேட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் சேர்ந்த வருடத்தின் புத்தகத்தில் என் பெயரைத் தேடினேன். இரண்டு பக்கம் தள்ளி, எங்கள் துறையில் 17 வருடம் இருந்த ஒருவரின் பெயர். 60,400. என்னைவிட 1,100 டாலர் குறைவு.

அவர்தான் 2003 ஆகஸ்டில் விமானநிலையத்துக்குத் தன் பழைய டிரக்கை ஓட்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டவர். மெத்தை வாங்கக் கடைக்குக் கூட்டிப்போய், அதைக் கயிறு போட்டுக் கட்டி, இரண்டாம் மாடிக்கு என்னோடு தூக்கிவந்தார். அக்டோபரில் முதல் பனி விழுந்த அன்று தன் மகனின் பழைய பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார், இரண்டு அளவு பெரியது, காலுறையை அடைத்துப் போட்டுக்கொண்டேன். என்னைத் தேர்ந்தெடுத்த குழுவில் அவர் இருந்தார். என் சம்பளம் என்னவென்று மெத்தை தூக்கிய அன்றே அவருக்குத் தெரியும். ஓய்வுபெறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2022-ல் நான் தலைமை தாங்கிய குழு எடுத்த பெண்ணுக்கு 1,01,000. எனக்கு அப்போது 1,04,000. எங்களிடம் பத்து வருடம் இருந்த அசோசியேட்டுக்கு 93,000. விமானநிலையத்துக்கு நான்தான் போனேன், வேன் என்பதால் மெத்தைக்குக் கயிறு தேவைப்படவில்லை. அசோசியேட் அடுத்த வருடமே டெக்சஸுக்குப் போய்விட்டார்.

சரி, மற்றவை. குளிருக்கான கோட்டு அங்கே வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். உளுந்து கிடைக்கும், முருங்கைக்காய் உறைந்த பொட்டலத்தில் கிடைக்கும். பள்ளிக்கூடம் வீட்டு முகவரியைப் பொறுத்தது, அதனால் பள்ளியை முடிவுசெய்துவிட்டு வாடகை வீடு பாருங்கள். பதில் அனுப்ப வெள்ளிக்கிழமை கெடு என்று எழுதியிருந்தீர்கள், இன்னும் ஒரு வாரம் கேளுங்கள், கொடுப்பார்கள். அதற்குள் அந்த மூன்று பேரின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள், மின்னஞ்சலைச் சேர்ந்தே எழுதிவிடலாம்.