கண்டக்டரைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு மேலூர் பக்கம் கிராமம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மாட்டுத்தாவணியில் பஸ் மாறணும். சில நாள் சும்மா போகிறேன், சில நாள் கண்டக்டர் காசு கேட்கிறார். எதில்தான் இலவசம்? ஆதார் காட்டணுமா? காலை 6 மணி ஷிப்டு விழும் வாரம் ஊரில் பஸ்ஸே கிடையாது. ஷேர் ஆட்டோவுக்கே கூலி போகிறது.
- மேலூர் வாசகி

பதில்: தங்கச்சி, 2021 மே 8 முதல் அரசு டவுன் பஸ்களில், சாதாரணக் கட்டண வண்டியில் மட்டும் பெண்களுக்குக் காசில்லை. முகப்பில் பிங்க் அடித்திருந்தால் தயங்காமல் ஏறுங்கள். மப்சல் (வெளியூர் வண்டி), எக்ஸ்பிரஸ், சொகுசு, தனியார் வண்டிகளில் காசு உண்டு. சந்தேகமாக இருந்தால் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். ஆதார் எதுவும் வேண்டாம். மாறி ஏறுவதும் இதே டவுன் பஸ் என்றால் அதிலும் இலவசம்தான். அங்கே தனியாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணமில்லா டிக்கெட்தானே என்று வாங்காமல் இருக்காதீர்கள். அந்த வழியில் இத்தனை பெண்கள் போகிறார்கள் என்பதற்கு அதுதான் கணக்கு.

நான் டிக்கெட் கொடுத்த காலத்தில், வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார் ஸ்டேஜ் மாறி டிக்கெட் காசு கூடுவதற்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி, மீதி தூரத்தை வெயிலில் நடப்பார்கள். பார்க்கவே மனசு கேட்காது. இப்போது மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு சொல்கிறது. கூலி வேலைக்காரிக்கு அது பெரிய தொகை. ஆனால் விடிகாலையில் வண்டியே வராவிட்டால் இந்தச் சலுகையால் உங்களுக்கு என்ன பயன்?

நீங்கள் கேட்க வேண்டியது நைட் ஹால்ட் வண்டி. ராத்திரி கடைசி நடை உங்கள் ஊரில் வந்து நின்று, விடிகாலையில் அங்கிருந்தே முதல் நடை கிளம்பும். டிப்போவில் இதற்குத் தயங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: டிரைவர், கண்டக்டர் படுக்க இடமும் கக்கூஸும் இருக்காது. நானே மழையில் பஸ் சீட்டில் சுருண்டு படுத்திருக்கிறேன். பஞ்சாயத்தில் பேசி ஒரு அறைக்கு ஏற்பாடு செய்து, அதை மனுவிலேயே எழுதுங்கள். எந்த ஸ்டாப்பில் எத்தனை பேர், யாருக்கு எத்தனை மணிக்கு வேலை என்று ஊர்வாரியாகக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதி கிளை மேலாளருக்கு, ஒன்று திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு. மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்து ஊர்ப் பெண்களையும் கூட்டிப் போங்கள். ஒரு ஊருக்காக வண்டி விடத் தயங்குபவர்கள், நாலு ஊர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.