இங்கிலாந்தின் நாட்டுப்பாடல் சங்கம் எப்படித் தோன்றியது? பாடிய கிராமத்து மக்களுக்கு அதில் மதிப்பு இருந்ததா?

சங்கம் 1898-இல் லண்டனில் தொடங்கியது. தொடங்கியவர்கள் நாட்டுப்பாடகர்கள் அல்ல. இசை படித்த நகரத்துக்காரர்கள். வயதானவர்களோடு பாடல்களும் போய்விடும் என்ற கவலைதான் காரணம்.

முதல் செயலாளர் கேட் லீ. அவரே மேடைப் பாடகி. சசெக்ஸ் கடற்கரையோரம் உள்ள ராட்டிங்டீன் என்ற ஊருக்குப் போய், ஜேம்ஸ் காப்பர், தாமஸ் காப்பர் என்ற சகோதரர்களைப் பாடச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஒருவர் பண்ணையில் மேற்பார்வையாளர், இன்னொருவர் மதுக்கடை நடத்தியவர். மேசையில் ஒரு விஸ்கி பாட்டில் வேறு! பாடல்கள் சங்கத்தின் இதழில் வந்தன. இருவரையும் கௌரவ உறுப்பினர்களாகவும் ஆக்கினார்கள். அந்தக் காலத்து வர்க்க வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. அந்தக் குடும்பம் தலைமுறை தாண்டியும் பாடிவந்தது.

ஆனால் எல்லாருக்கும் இந்த மரியாதை கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். எது நாட்டுப்பாடல், எது இல்லை என்று முடிவு செய்தவர்கள் சேகரித்தவர்கள்தான். கொச்சையான வரிகளை மாற்றி அச்சிட்டதும் உண்டு. பாடியவர்களைக் கேட்டா செய்தார்கள்?

அப்புறம் 1911-இல், பாடல்களைச் சேகரித்தவர்களில் ஒருவரான செசில் ஷார்ப் நாட்டுப்புற நடனத்துக்குத் தனிச் சங்கம் தொடங்கினார். 1932-இல் இரண்டும் ஒன்றாயின. 1930-இல் திறந்த 'செசில் ஷார்ப் இல்லம்' இன்றும் அதன் தலைமையகம். உள்ளே பெரிய நூலகமும் இருக்கிறது. இந்தத் துறைக்குப் பெரும்பங்கு ஆற்றியவர்களுக்குச் சங்கம் 'கோல்டு பேட்ஜ்' என்ற தங்கச் சின்னமும் வழங்குகிறது.