ஈரல் மாற்றிய பிறகு பயாப்ஸி ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. டர்பனில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் கூடியிருப்பதால், பயாப்ஸி (ஊசியால் ஈரல் திசுவைச் சிறிது எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்ய உடனே வரச் சொல்கிறார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல்கூட இல்லை. இரத்தப் பரிசோதனை போதாதா? புது ஈரலில் ஊசி குத்தினால் கெட்டுவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் பெரியம்மா. வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அப்பாவுக்கு வேண்டுதலும் இருக்கிறது.
— ஒரு மகள், சாட்ஸ்வொர்த்

பதில்: தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். நிராகரிப்பு, அதாவது புது ஈரலை உடல் ஏற்காமல் தாக்குவது, தொடக்கத்தில் எந்த அறிகுறியும் இல்லாமலே வரக்கூடும் என்பதால், அப்பா நலமாகத் தெரிவதை வைத்துக் காத்திருப்பது சரியல்ல.

ஈரலுக்கு ஏதோ தொல்லை என்று இரத்தப் பரிசோதனை சொல்லும். அது என்ன தொல்லை என்று சொல்லாது. உடலின் எதிர்ப்புச் சக்தி புது ஈரலைத் தாக்கினாலும், பித்தக்குழாய் இணைப்பு சுருங்கினாலும், ஈரல் தமனியில் இரத்தம் உறைந்தாலும், சைட்டோமெகலோ வைரஸ் தொற்றினாலும், ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போனாலும் இதே நொதிகள்தாம் உயரும். பித்தக்குழாயையும் தமனியையும் ஸ்கேனில் ஓரளவு பார்த்துவிடலாம். ஆனால் நிராகரிப்பையும் வைரஸ் தொற்றையும் பிரித்தறியப் பெரும்பாலும் திசுவையே பார்க்க வேண்டியிருக்கிறது. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், இரண்டுக்கும் மருத்துவம் நேரெதிரானது என்பதே. நிராகரிப்பு என்றால் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். தொற்று என்றால் அப்படி அடக்குவதே நோயை வளர்த்துவிடும்.

எடுக்கப்படும் திசு ஏறத்தாழ 2 செ.மீ. நீளமுள்ள மெல்லிய இழை மட்டுமே, ஈரல் முழுவதையும் கணக்கிட்டால் சுமார் 50,000-இல் ஒரு பங்கு என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். நோய்க்குறியியல் மருத்துவர் அதில் மூன்றைத் தேடுவார்: இரத்தக் குழாய்களும் பித்தக்குழாய்களும் சேர்ந்து செல்லும் பகுதிகளில் அழற்சி அணுக்கள் திரண்டிருத்தல், அந்தச் சிறு பித்தக்குழாய்கள் சிதைந்திருத்தல், சிரைகளின் உட்சுவரில் அழற்சி. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தெரிந்தால்தான் நிராகரிப்பு எனக் கொள்வார்கள். 1997-இல் வெளியான பான்ஃப் முறைப்படி ஒவ்வொன்றுக்கும் 3 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 9-க்கு எத்தனை என்று கடுமையை அளப்பதும் உண்டு.

நிராகரிப்பு உறுதியானாலும் மனம் தளர வேண்டாம். அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் வருவது பெரும்பாலும் நரம்பு வழியாக மூன்று நாள் தரப்படும் மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்துக்கும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கும் கட்டுப்பட்டுவிடும்.

ஊசியால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். வலது விலாவிலோ தோளிலோ சில மணி நேரம் வலிக்கலாம். பெரிய இரத்தக் கசிவு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. அதற்காகத்தான் பின்னர் பல மணி நேரம் படுக்க வைத்துக் கண்காணிக்கிறார்கள். இரத்தம் உறைவதில் குறையோ வயிற்றில் நீரோ இருந்தால், கழுத்துச் சிரை வழியாகத் திசு எடுக்கலாம். ஆஸ்பிரினோ இரத்தத்தை இளக்கும் வேறு மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

பெரியம்மாவின் அன்பு புரிகிறது. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நம் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். ஆயினும் இப்போது வேண்டாம். எந்த மூலிகை டாக்ரோலிமஸ் அளவை எப்படி மாற்றும் என்று கணிப்பது கடினம். நொதிகள் மேலும் உயர்ந்தால் காரணம் கண்டுபிடிப்பதும் குழம்பிப்போகும். நம் தென்னாப்பிரிக்காவில் காசநோய் மிகுதி என்பதால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவை வெகுவாகக் குறைத்து நிராகரிப்புக்கு வழிவிடும். ஆகவே வேறு எந்த மருத்துவர் புது மருந்து எழுதினாலும், முதல் மாத்திரைக்கு முன்பே மாற்று சிகிச்சைக் குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

காவடியைப் பொறுத்தவரை, பயாப்ஸிக்குப் பின் ஒரு வாரமேனும் பாரம் தூக்கக் கூடாது. அறுவைக் காயம் ஆறாத இந்த மாதங்களில் குழுவின் அனுமதியின்றிக் காவடி சுமப்பதும் கூடாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து உண்பவர் அலகு குத்திக்கொண்டால் கிருமி தொற்றும் அபாயம் அதிகம். அதை அடியோடு விட்டுவிட வேண்டும். அப்பாவுக்காக வீட்டில் வேறொருவர் காவடி எடுக்கட்டும். அப்பா விரதமிருந்தாலும் டாக்ரோலிமஸ் மாத்திரைகளை 12 மணி நேர இடைவெளி தவறாமல் சாப்பிட வேண்டும்.