அடுத்தடுத்துப் பக்கவாதம், காரணம் தெரியவில்லை: தோல் பயாப்ஸி பற்றிக் கேளுங்கள்

அப்பாவுக்கு அடுத்தடுத்துச் சின்னப் பக்கவாதங்கள், மனக்குழப்பம், விடாத காய்ச்சல், இரத்தத்தில் எல்டிஹெச் (அணுக்கள் சிதையும்போது கூடும் நொதி) மிக அதிகம், நெறிக்கட்டி மட்டும் இல்லை என்கிறீர்கள். இரத்தக்குழாய்க்குள் வளரும் லிம்போமாவா (வெள்ளணுக்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்) என்று நரம்பியல் டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். அரிதுதான், ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் அதற்குப் பொருந்துகிறது. புற்றணுக்கள் கட்டியாகத் திரளாமல் நுண்குழாய்களுக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எம்ஆர்ஐயில் அங்கங்கே புதுப்புது அடைப்புகள் தெரியும். முதுகுத்தண்டு நீர் சுத்தமாக இருந்தாலும் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

மூளையில் பயாப்ஸிக்கு (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) போகும் முன் தோலில் எடுத்துப் பார்க்கலாம். பார்வைக்கு இயல்பாக இருக்கும் தோலிலேயே, தொடை, வயிறு, மேற்கை எனப் பல இடங்களில், அடிக்கொழுப்பு வரை ஆழமாக எடுக்க வேண்டும். மேலாக எடுத்தால் தவறிவிடும். அப்புறம், ஸ்டீராய்டு தொடங்குமுன் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். அது முடிவை மறைத்துவிடலாம். ரிட்டுக்சிமாப் என்ற மருந்து சேர்ந்த கீமோ பலருக்குப் பலன் தருகிறது, தாமதிக்காதீர்கள்.