தவணை முடிந்த மாதமே அடுத்த பாகம் வேண்டாம்

கேள்வி: கோவையில் பம்ப் நிறுவனம் ஒன்றில் டிசைன் இன்ஜினீயராக இருக்கிறேன். வயது 29. சம்பளமாகக் கைக்கு வருவது 62,000 ரூபாய். வீட்டுக்கு 20,000 கொடுக்கிறேன். 2019 மாடல் கவாசாகி நிஞ்ஜா 650 பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. அதன் கடனுக்கு மாதம் 10,400 கட்டுகிறேன். இன்னும் 14 மாதம் பாக்கி. 58,000 ரூபாய் சைலன்சரில் ஆரம்பித்து, கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குயிக்‌ஷிஃப்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. மாற்றம் இரண்டும் சேர்த்து 34,000, பிரேக் செட் 41,000, பின்பக்க ஷாக் அப்சார்பர் 72,000 என்று எல்லாவற்றையும் கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யில் போட்டேன். ஒரு இ.எம்.ஐ. முடிந்தால் அந்தப் பணம் சும்மா இருக்க வேண்டாம் என்று அடுத்த பாகத்தைப் போட்டுவிடுவது என் வழக்கம். ஆனால் சென்ற மாதம் வால்பாறை மலைப்பாதையில் மழையில் பின்டயர் வழுக்கி, விழாமல் தப்பித்தேன். டயர் தேய்ந்து முடிந்திருந்தது. இரண்டு டயருக்கும் சர்வீஸுக்குமாக 41,000 ரூபாயைக் கார்டில் தேய்த்துவிட்டு, மாதம் 2,500 மட்டும் கட்டி வருகிறேன். வங்கி ஆப்பில் 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன், 15 சதவீத வட்டி, மூன்று வருடம் என்று காட்டுகிறது. அதை வாங்கிக் கார்டை அடைத்துவிட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உள்ளே போடும் கார்ட்ரிட்ஜும், டிராக்குக்கான (பந்தயத் தடத்துக்கான) ரைடிங் சூட்டும் வாங்கலாமா? அம்மா, தங்கை கல்யாணத்துக்காகப் போட்டுவரும் சீட்டை இப்போதே எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டுமே வேண்டாம். பைக்கை விற்றுவிடுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. மாலையும் ஞாயிறும் உங்களுக்கு மகிழ்ச்சி தருகிற ஒரு வண்டி, ஒழுங்காகச் சம்பாதிக்கும் ஒருவரின் வருமானத்துக்கு அடங்கும் வண்டிதான் அது. கிரெடிட் கார்டு வட்டி எவ்வளவு என்றும், கடனில் பாகம் வாங்கக்கூடாது என்றும் உங்களுக்கே தெரியும். அதனால் கடிதத்தின் ஒரே ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்: "ஒரு இ.எம்.ஐ. முடிந்தால் அந்தப் பணம் சும்மா இருக்க வேண்டாம்." ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

மூன்று வருடத்துக்குள் 2,05,000 ரூபாய்க்குப் பாகங்கள் வாங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் திட்டம் இருந்தது. டயருக்கும் செயினுக்கும் ஆயிலுக்கும் ஒரு மாதம்கூடத் திட்டம் இருந்ததில்லை. அவை தேய்ந்து அறிவித்தபிறகுதான் நினைவுக்கு வந்தன. 72,000 ரூபாய் ஷாக் அப்சார்பரைப் போட்டுக்கொண்டு, தேய்ந்துபோன டயரில் மழையில் மலை ஏறியிருக்கிறீர்கள். தப்பித்தது பெரிய விஷயம். இந்தக் கடிதத்தில் எனக்கு உண்மையில் பயம் தந்தது கார்டு பாக்கி இல்லை, அந்த டயர்தான்.

நீங்கள் அனுப்பிய பில்களை வைத்து, உங்கள் வண்டி ஒரு கிலோமீட்டருக்கு என்ன கேட்கிறது என்று தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். பின்டயர் 15,000 ரூபாய், உங்கள் ஓட்டத்தில் 9,000 கிலோமீட்டர் வந்திருக்கிறது. முன்டயர் 12,000 ரூபாய், 14,000 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். 6,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர், கூலி என்று 8,000 ரூபாய் சர்வீஸ், அது 1.35. செயின் ஸ்பிராக்கெட் செட் 60 முதல் 70 காசு. பிரேக் பேட், பிரேக் ஃபுளூயிட், கூலன்ட், ஃபோர்க் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாவற்றுக்கும் ஒரு ரூபாய் வைப்போம். மொத்தம் ஐந்தரை ரூபாய்.

பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகிறது? லிட்டருக்கு 20 கிலோமீட்டர், விலை நூறு ரூபாய்ச் சொச்சம் என்றால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். ஆக, உங்கள் வண்டி பெட்ரோலைவிடப் பராமரிப்புக்குத்தான் அதிகம் கேட்கிறது. பெட்ரோல் போடாவிட்டால் வண்டி நின்றுவிடும், அதனால் அந்தப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. டயர் தேய்ந்தாலும் வண்டி ஓடும். பிரேக் ஃபுளூயிட் இரண்டு வருடத்துக்கு மேல் ஈரத்தை இழுத்துக்கொண்டு கிடந்தாலும் ஓடும், மலை இறக்கத்தில் லீவர் கைக்குள் அமுங்கும் நாள் வரை. 41,000 ரூபாய்க்கு பிரேக் செட் போட்டிருக்கிறீர்கள். அந்த பில்லுக்குப் பிறகு ஃபுளூயிட் மாற்றியதற்கான பில் எதுவும் நீங்கள் அனுப்பிய கட்டில் இல்லை.

900 கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் வீதம் மாதம் சுமார் 5,000. இன்சூரன்ஸ் வருடத்துக்கு 16,000, மாதத்துக்கு 1,350. இந்த 6,350 ரூபாய் நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் செலவாகியே தீரும். ஆனால் சம்பளத்தில் அதற்கு இடமே வைக்கவில்லை. வீட்டுக்கு 20,000, வண்டிக் கடன் 10,400, மூன்று பாகங்களின் இ.எம்.ஐ. ஜி.எஸ்.டி.யோடு 11,400, கார்டுக்கு 2,500, பெட்ரோல் 4,500. மிச்சம் 13,200. அதில்தான் உங்கள் சாப்பாடு, போன், துணி, நண்பர்கள் எல்லாம். டயருக்குப் பணம் இல்லாமல் போனது தற்செயல் அல்ல. அந்தப் பணத்தை ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது.

இனி டயருக்கும் சர்வீஸுக்கும் கார்டில் தேய்த்த அந்த 41,000. மாதம் 3.6 சதவீத வட்டி என்றால் சுமார் 1,475 ரூபாய். வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 1,740. நீங்கள் கட்டும் 2,500-இல் அசலுக்குப் போவது 760 ரூபாய். இன்னொரு இழப்பு பலர் கண்ணில் படுவதில்லை: பழைய பாக்கி இருக்கும்வரை புதிய செலவுகளுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. அந்தக் கார்டில் நீங்கள் போடும் பெட்ரோலுக்குப் போட்ட நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. இன்றோடு அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள்.

ஆப் காட்டும் 3 லட்சத்தைப் பிரித்துப் பாருங்கள். கார்டு பாக்கி 41,000. இ.எம்.ஐ. அசலில் ஷாக் அப்சார்பருக்கு 10 மாதம், சுமார் 42,000. பிரேக்குக்கு 5 மாதம், 18,000. குயிக்‌ஷிஃப்டருக்கு 2 மாதம், 6,000. எல்லாம் சேர்த்து 1,07,000தான். மீதி 1,93,000 புதிய கடன். "கார்டை அடைக்க" என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு ஃபோர்க்குக்கும் சூட்டுக்கும்தான் போகப்போகிறது. அந்த 1,07,000-இலும் 66,000 ஏற்கெனவே 15 சதவீத வட்டியில் இருக்கிறது. அதை 15 சதவீதக் கடனால் அடைத்துப் பரிசீலனைக் கட்டணமும் கொடுப்பதில் ஒரு பைசா லாபம் இல்லை. மாதத் தவணை 10,400, மூன்று வருடத்தில் கட்டுவது 3,74,000. வண்டிக் கடனுக்கு இப்போது கட்டும் அதே தொகை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு வண்டியை இரண்டாவது முறை வாங்குகிறீர்கள்.

தம்பி, அம்மாவின் சீட்டைத் தொடவே தொடாதீர்கள். அவசரத்தில் தள்ளி எடுக்கும் சீட்டில் பெரிய தொகை கழிந்துவிடும். எடுத்த பிறகும் மாதச் சீட்டுப் பணத்தைக் கடைசி வரை கட்டவேண்டும். கல்யாணம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது, அப்போது அதற்கும் நீங்கள்தான் கடன் வாங்குவீர்கள். அம்மா பாசத்தில் சொல்கிறார். பணம் வேண்டாம் என்று இந்த வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் வாய்திறக்கும்வரை அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

சரி, பணத்துக்கு என்ன வழி? வண்டியோடு வந்த கம்பெனி சைலன்சர் பரணில் இருப்பதாகவும், டிராக்குக்கென்று மட்டும் தனி வண்டி வைத்திருக்கும் நண்பர் நீங்கள் வாங்கிப் போட்ட சைலன்சரை 28,000-க்குக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்துவிடுங்கள். வண்டியோடு சேர்த்து விற்றால் வெளியில் வாங்கிப் போட்ட பாகத்துக்கு யாரும் தனியாக விலை தருவதில்லை. கழற்றி விற்றால்தான் பணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை அனுமதியின்றி மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்து கிளெய்ம் கேட்கும்போது, சொல்லாமல் செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் நிறுவனம் கேள்வி கேட்கும்.

28,000-ஐ அப்படியே கார்டில் கட்டினால் பாக்கி 13,000. அடுத்த மாதங்களில் 2,500-க்குப் பதில் 5,500 கட்டுங்கள். கூடுதல் 3,000-க்குக் கொஞ்சம் கையைக் கடிக்கும். மூன்றாவது மாதம் கார்டு பாக்கி தீர்ந்துவிடும். அதற்குள் குயிக்‌ஷிஃப்டர் இ.எம்.ஐ.யும் முடிந்துவிடும். உங்களுக்கு ஆபத்தான மாதம் அதுதான். 3,100 ரூபாய் விடுதலையாகும், கை அரிக்கும், கடைக்காரர் "மாதம் வெறும் மூவாயிரம்தான் சார்" என்பார். வட்டியே இல்லாத இ.எம்.ஐ. என்றும் சொல்வார். அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி போய்விடும்.

நான்காவது மாதத்திலிருந்து அந்த 3,100-ஐயும் கார்டுக்குக் கட்டிவந்த 2,500-ஐயும், சம்பளம் வந்த மறுநாளே தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். ஏ.டி.எம். கார்டு வாங்காத, யு.பி.ஐ. இணைக்காத கணக்காக இருக்கட்டும். அது வண்டியின் கணக்கு. டயர், செயின், சர்வீஸ், இன்சூரன்ஸ் தவிர வேறு எதற்கும் அதிலிருந்து எடுக்கக்கூடாது. ஆறாவது மாதம் பிரேக் இ.எம்.ஐ. முடிந்திருக்கும், 3,700 வரும். வண்டிக் கணக்கை 6,350 ஆக்கிவிட்டு மீதி சுமார் 3,000-ஐ அவசரத் தேவைக்கென்று சேருங்கள். பதினோராவது மாதம் முதல் ஷாக் அப்சார்பரின் 4,600-உம் அங்கேயே போகட்டும். வண்டிக் கடன் முடியும்போது கையில் சுமார் 45,000 இருக்கும். லிக்விட் ஃபண்ட், மியூச்சுவல் ஃபண்ட் அடமானக் கடன் என்று ஆப்கள் இப்போது காட்டுகிற வித்தைகள் இந்தத் தொகைக்குத் தேவையில்லை.

பதினைந்தாவது மாதம் 10,400 முழுதாக உங்களுடையது. பாதியை அவசர நிதியில் சேருங்கள், பாதி உங்கள் ஆசைக்கு. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் ஃபோர்க் கார்ட்ரிட்ஜுக்கு 1,10,000 கொடுப்பதற்கு முன், உங்கள் உடல் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் புது ஃபோர்க் ஆயிலும் போட்டு ஓட்டிப் பாருங்கள். உங்கள் வண்டியின் 41 மி.மீ. முன் ஃபோர்க்கில் அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் கிடையாது. சரியான ஸ்பிரிங்கே பெரிய மாற்றத்தைத் தரும். செலவு கார்ட்ரிட்ஜ் விலையில் ஒரு சிறு பங்குதான்.

செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போக ஆசைப்படுகிறீர்கள். பொதுச் சாலையில் வேகம் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது, போய் வாருங்கள். ஆனால் பந்தயமும் வேகச் சோதனையும் வழக்கமான வாகன பாலிசியில் வராது. அங்கே விழுந்தால் முழுச் செலவும் உங்களுடையது என்று வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். சாலையில் விழுந்தாலும் வண்டியின் வெளிப்புற உறையான ஃபேரிங் பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசியை ஐந்து வருடம் தாண்டிய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை. அவசர நிதி அதற்கும்தான். அடுத்த புதுப்பிப்பின்போது உங்கள் 16,000-இல் மூன்றாம் நபர் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2022-இல் அறிவித்த கட்டணம் 2,804 ரூபாய். அது எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். மீதித் தொகையில்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் இருக்கும். நான்கு இடங்களில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

பின்குறிப்பில் 35,000 ரூபாய்க்கு, பெயின்ட்டைக் காக்கும் செராமிக் கோட்டிங் செய்தால் மறுவிற்பனை விலை ஏறுமா என்று கேட்டிருந்தீர்கள். ஏறாது. வாங்க வருகிறவர் சர்வீஸ் பில்களைத்தான் கேட்பார். அவற்றைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். பிரேக் ஃபுளூயிட் மாற்றும் வேலையை மட்டும் மூன்றாவது மாதம் வரை தள்ளாதீர்கள். இந்தச் சம்பளத்திலேயே, அடுத்த மலைப் பயணத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.